எமிலி ஷெங்கல்

எமிலி ஷெங்கல் (டிசம்பர் 26, 1910 - மார்ச் 13, 1996) ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவைச் சேர்ந்தவர். இந்திய விடுதலைப் போராட்டத் தலைவர் சுபாஷ் சந்திர போஸின் மனைவி ஆவார். 1934 ஆம் ஆண்டில் போஸின் நூல் எழுதும் பணிக்கு உதவியாளராகச் சேர்ந்த இவர், 1937 ஆம் ஆண்டில் அவரை இரகசியமாக மணந்தார். இவர்களுடைய ஒரே மகள் அனிதா போஸ் பாஃப், செருமனியில் பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றியவர்.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை (ஆசாத் இந்த் அரசு) நிறுவிய போஸ், அதன் தலைவராகப் பொறுப்பேற்றார். அவ்வகையில் அந்த அரசின் முதல் பெண்மணியாக எமிலியைக் கருதலாம். ஆனால் அவர் அப்பெயரால் எக்காலத்திலும் அழைக்கப்பட்டதில்லை. அந்த அரசின் கீழ் வாழ்ந்த இந்தியர்களுக்கு அவரைப் பற்றி அறிவிக்கப்படவும் இல்லை. போஸ் மணம் ஆகாதவர் என்றே இந்தியப் பொதுமக்கள் நெடுங்காலம் கருதி வந்தனர்.

இளமை

எமிலி வியன்னாவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய தந்தை ஒரு கால்நடை மருத்துவர். பாட்டனார் காலணி செய்பவர். முதல் உலகப் போரின் முடிவுக் காலத்தில்தான் எமிலியின் பள்ளிப் படிப்பு தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியில் மகளின் முன்னேற்றம் தந்தைக்கு மனநிறைவு அளிக்காததால், அவர் எமிலியைக் கன்னியர் மடம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் படிக்க வைத்தார். துறவு வாழ்க்கையை ஏற்க விரும்பாத எமிலி அங்கிருந்து வெளியேறி, மீண்டும் பள்ளியில் சேர்ந்து 20 ஆவது வயதில் படிப்பை முடித்தார். அப்போது ஐரோப்பா முழுவதும் பொருளாதாரப் பெருமந்தம் நிலவியதால் இவருக்கு வேலை கிடைக்கவில்லை.

போஸுடன் அறிமுகம்

பிரித்தானிய இந்திய அரசால் சிறை வைக்கப்பட்டிருந்த போஸ், உடல்நலக் குறைவு காரணமாக 1933 ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிகிச்சைக்காக வியன்னா வந்து சேர்ந்தார். அங்கிருந்தபோது இலண்டன் பதிப்பகம் ஒன்றுக்காக இந்திய விடுதலை இயக்கத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுத ஒப்புக்கொண்டார். ஆங்கிலம் அறிந்த, சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்த ஓர் உதவியாளர் அவருக்குத் தேவைப்பட்டார். வியன்னாவில் வாழ்ந்த இந்திய மருத்துவரான மாத்தூர் என்பவர் 1934 ஜூன் மாதத்தில் எமிலியைப் போஸுக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

'இந்தியப் போராட்டம்' எனப் பொருள்படும் அந்த ஆங்கில நூல் 1935 ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. இந்திய அரசு அதனைத் தடை செய்தது. நவம்பர் 29, 1934 எனத் தேதியிட்ட அதன் முன்னுரையில் உதவியாளர் என்ற முறையில் எமிலிக்குப் போஸ் நன்றி கூறியிருந்தார். பிற்காலத்தில் நிலவிய நீண்ட மௌனத்தை நோக்க, எமிலியின் பெயர் இவ்வாறு வெளிப்படையாக அச்சேறியது குறிப்பிடத்தக்கது.

தணிக்கைக்கு உட்பட்ட கடிதங்கள்

1936 ஏப்ரல் மாதம் இந்தியா திரும்பிய போஸ், பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியவுடன் கைது செய்யப்பட்டார். 1937 மார்ச் மாதம் விடுதலை ஆகும் வரை அவர் எழுதிய கடிதங்களும் அவருக்கு வந்த கடிதங்களும் தணிக்கைக்குப் பின்னரே அனுப்பப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் அவருடைய அஞ்சல் பிரித்தானிய உளவுத்துறையின் பார்வைக்குத் தப்பவில்லை. மூன்றாவது ஒருவர் படிப்பார் என்பதை இருவரும் அறிந்திருந்தனர். இதனால் இக்கடிதங்களில் பெரும்பாலானவை உடல்நலம், தட்பவெப்பம், படிக்க வேண்டிய நூல்கள், ஐரோப்பிய அரசியல் ஆகியவற்றைப் பற்றிய விசாரிப்புகளாகவே அமைந்துள்ளன. பெரும்பாலும் செருமானிய மரியாதை வழக்கப்படி 'செல்வி ஷெங்கல்' என்றே போஸ் விளித்துள்ளார்.

எமிலிக்கு வருவாய் தேடித் தரவும் போஸ் முயன்றார். சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழுக்கு வியன்னாவிலிருந்து கட்டுரைகள் எழுதுமாறு இவரை ஊக்குவித்தார்.

இரகசியத் திருமணம்

1937 நவம்பரில் மீண்டும் ஐரோப்பா வந்த போஸ், ஆஸ்திரிய மலைப்பகுதியில் உள்ள பாட்காஸ்டைன் என்னும் வெந்நீரூற்று நகரில் ஏறத்தாழ ஒன்றரை மாதம் தங்கினார். தன்வரலாற்று நூலின் முதல் பத்து அதிகாரங்களை அங்குதான் எழுதினார். எமிலியும் அங்கு உடனிருந்தார். எமிலியின் 27 ஆவது பிறந்த நாளான டிசம்பர் 26, 1937 அன்று இருவரும் அங்கு மணம் செய்துகொண்டனர் என்று எமிலி பிற்காலத்தில் போஸின் குடும்பத்தாரிடம் தெரிவித்துள்ளார். மத குருவோ சாட்சிகளோ இன்றி இத்திருமணம் நடைபெற்றது. அரசுப் பதிவேட்டிலும் இது பதிவு செய்யப்படவில்லை.

மூன்று மாதங்களுக்குள், 1938 மார்ச்சில், ஆஸ்திரியா நாசி செருமனியுடன் இணைக்கப்பட்டது. இதற்கு முந்திய பெப்ரவரியில் குஜராத்தின் அரிபுராவில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டில் போஸ் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார். நாட்டுப் பணிக்கே தம் வாழ்வில் முதலிடம் என்று அறிவித்து வந்த ஒரு தலைவர், வெளிநாட்டுப் பெண்ணை மணந்தது தெரியவந்தால் அது அவருடைய அரசியல் பணியைப் பாதிக்கும் என்பதே திருமணத்தை மறைத்து வைத்ததற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. 1938 சனவரிக்கும் 1941 ஏப்ரலுக்கும் இடையில் இருவரும் சந்திக்கவில்லை.

பெர்லின் வாழ்க்கை

கல்கத்தாவில் வீட்டுக்காவலில் இருந்த போஸ், 1941 சனவரி 16 ஆம் தேதி நள்ளிரவில் அங்கிருந்து தப்பினார். அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர் குமார் போஸ் வாகனத்தை ஓட்டிச் சென்றார். பெஷாவரிலிருந்து காபூல் வரை போஸுக்கு வழித்துணையாக வந்த பகத்ராம் தல்வார் என்பவர், பின்னாளில் 'சில்வர்' என்ற மறைபெயரில் பிரித்தானியா, செருமனி, சோவியத் ஒன்றியம் உட்படப் பல நாடுகளுக்கு ஒரே காலத்தில் உளவாளியாகச் செயல்பட்டவர்.

போஸ் காபூலில் இத்தாலியத் தூதரகத்தின் உதவியால் ஒர்லாண்டோ மசோட்டா என்ற இத்தாலியர் பெயரில் கடவுச்சீட்டைப் பெற்று, மாஸ்கோ வழியாக 1941 ஏப்ரல் 2 அன்று பெர்லினை அடைந்தார். அவர் செருமனி செல்லும் வழியில் அவரைக் கொல்லுமாறு பிரித்தானியாவின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு 1941 மார்ச் மாதத்தில் தன் முகவர்களுக்கு ஆணையிட்டிருந்தது. அயர்லாந்து வரலாற்றாசிரியர் யூனன் ஓ'ஆல்பின் 2005 ஆம் ஆண்டில் இதனை வெளிப்படுத்தினார்.

பெர்லின் வந்து சேர்ந்த சில நாட்களிலேயே போஸ் எமிலிக்குக் கடிதம் எழுதினார். எமிலி வியன்னாவிலிருந்து பெர்லின் வந்தார். ஷார்லட்டன்பர்க் பகுதியில் சோபியன் தெருவில் செருமானிய வெளியுறவு அமைச்சு ஒதுக்கிய வீட்டில் இருவரும் வாழ்ந்தனர். போஸ் மசோட்டா என்ற பெயரிலேயே பல மாதங்கள் வெளியுலகில் நடமாடினார்.

இக்காலத்தில் எமிலியின் நிலை எளிதானதாக இருக்கவில்லை. வெளியுறவு அமைச்சின் இந்தியப் பிரிவைக் கவனித்த ஆடம் வான் டிராட் முதலான அதிகாரிகள் இவரை விரும்பவில்லை என்று போஸின் வரலாற்றை எழுதிய அமெரிக்க அறிஞர் லியனார்டு கார்டன் குறிப்பிடுகிறார். டிராட் பின்னர் இட்லரைக் கொல்லச் செய்யப்பட்ட சதியில் பங்கேற்றதற்காக 1944 ஆகத்தில் தூக்கிலிடப்பட்டார். போஸுக்கு நெருக்கமாக இருந்து எமிலியைப் பற்றி அறிந்திருந்த மிகச் சிலருள் அன்றைய சென்னை மாகாணத்தின் தலச்சேரியைச் சேர்ந்த ஏ. சி. என். நம்பியார் முதன்மையானவர். பெர்லினில் போஸ் நிறுவிய சுதந்திர இந்திய மையத்தில் அவருக்கு அடுத்த நிலையில் பணியாற்றியவர் இவரே.

மகள் பிறப்பும் இறுதிப் பிரிவும்

எமிலி மகப்பேற்றுக்காக வியன்னா திரும்பினார். நவம்பர் 29, 1942 அன்று மகள் அனிதா பிறந்தார். அடுத்த மாதம் போஸ் வியன்னா சென்று குழந்தையைப் பார்த்தார். 1943 சனவரியில் எமிலி குழந்தையைத் தம் தாயிடம் விட்டுவிட்டுப் பெர்லின் வந்து சில நாட்கள் போஸுடன் தங்கினார். கணவனும் மனைவியும் சேர்ந்திருந்த கடைசி நாட்கள் இவையாகும்.

1943 பெப்ரவரி 8 ஆம் தேதி போஸ் அண்ணன் சரத் சந்திர போஸுக்கு வங்காள மொழியில் ஒரு கடிதம் எழுதி எமிலியிடம் கொடுத்தார். தாம் மீண்டும் ஆபத்தான பயணத்தை மேற்கொள்வதாகவும், தமக்கு இங்கே திருமணமாகி ஒரு மகள் இருப்பதாகவும், தாம் இல்லாத நிலையில் தம்மிடம் காட்டிய அன்பை மனைவிக்கும் மகளுக்கும் காட்ட வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டிருந்தார். போஸ் தம் திருமணத்தைக் குறித்துக் குடும்பத்தாருக்குத் தம் கைப்பட எழுதி வைத்த சான்று இதுவே.

மறுநாள் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்ற செருமானிய நீர்மூழ்கிக் கப்பலில் போஸும் ஆபித் அசனும் புறப்பட்டனர். போஸ் பெர்லினிலேயே இருப்பதாகத் தோன்றும் வகையில், முன்னரே பதிவு செய்யப்பட்ட அவருடைய உரைகள் வானொலியில் ஒலிபரப்பப்பட்டன. ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அருகே நடுக்கடலில் இருவரும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலான ஐ-29 க்கு மாறினர். மே மாதம் போஸ் சுமாத்திராவுக்கு அருகிலுள்ள சபாங் தீவை அடைந்து, அங்கிருந்து டோக்கியோ சென்றார்.

தற்காலிக அரசின் காலம்

சிங்கப்பூரில் நிறுவப்பட்ட தற்காலிக அரசின் அமைச்சரவையில் இடம் பெற்ற ஒரே பெண், சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் ஆவார். அவர் தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையிலும் இந்திய தேசிய இராணுவத்தின் பிற பிரிவுகளிலும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். தாலியையும் நகைகளையும் கழற்றி நிதியாகக் கொடுத்த தமிழ்ப் பெண்கள் பலர். இதே காலத்தில் அவ்வரசின் தலைவருடைய மனைவி, குண்டுவீச்சுக்கு உள்ளான வியன்னாவில் கைக்குழந்தையுடனும் முதிய தாயுடனும் வாழ்ந்து வந்தார்.

1945 ஆகத்து 18 அன்று தைவானில் உள்ள தைகோகு வானூர்தி நிலையத்தில் நிகழ்ந்த விபத்தில் போஸ் இறந்தார் என்ற செய்தியை எமிலி வீட்டில் இருந்தபோது வானொலியின் வழியாகவே அறிந்தார்.

போருக்குப் பின்

போருக்குப் பின் வியன்னா நகரம் நான்கு வல்லரசுகளின் ஆட்சிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 1955 வரை அவ்வாறே இருந்தது. எமிலி தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1948 ஆம் ஆண்டு சரத் சந்திர போஸ், மனைவி விபாவதியுடனும் மக்களுடனும் வியன்னா வந்து எமிலியையும் ஆறு வயதை எட்டிக்கொண்டிருந்த அனிதாவையும் சந்தித்தார். இருவரையும் குடும்பத்தினராக அவர் ஏற்றுக்கொண்டார். எனினும் 1950 பெப்ரவரியில் சரத் காலமானார்.

1954 ஆம் ஆண்டு மே மாதம் பிரதமர் சவகர்லால் நேருவும் மேற்கு வங்காள முதலமைச்சர் பி. சி. ராயும் அனிதாவுக்காக 2 இலட்சம் ரூபாய் கொண்ட அறக்கட்டளை ஒன்றை அமைத்தனர். அகில இந்தியக் காங்கிரஸ் குழு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வீதம் 1964 வரை அனுப்பியது. 1965 இல் அனிதாவுக்குத் திருமணம் ஆனதை அடுத்து இது நிறுத்தப்பட்டது. 2016 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அரசு ஆவணங்களின் மூலமே இவ்விவரம் பரவலாகத் தெரியவந்தது.

அனிதா 1960 ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முறையாக இந்தியா வந்தார். எமிலி தம் வாழ்நாளில் ஒரு முறை கூட இந்தியாவுக்கு வந்ததில்லை.

உளவுத்துறைக் கண்காணிப்பு

கல்கத்தாவில் எல்கின் சாலையிலும் உட்பர்ன் பார்க்கிலும் உள்ள போஸ் குடும்ப இல்லங்களைப் பிரித்தானிய ஆட்சி கண்காணித்து வந்தது. விடுதலைக்குப் பின்னரும் இந்தக் கண்காணிப்பு நிற்கவில்லை. 1948 முதல் 1968 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்திய உளவுத்துறை அக்குடும்பத்தினரின் கடிதங்களைப் பிரித்துப் படித்துப் படியெடுத்தது என்பது 2015 ஏப்ரலில் ஆவணங்களுடன் வெளிவந்தது. வியன்னாவுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே நடைபெற்ற குடும்பக் கடிதப் போக்குவரத்தும் இதில் அடங்கும். 1930களில் பேரரசின் தணிக்கையாளர் படித்த அதே கைப்பெண்ணின் கடிதங்களை, அவர் கணவர் எந்த விடுதலைக்காகப் போராடினாரோ அந்த விடுதலையைப் பெற்ற நாட்டின் அதிகாரிகளும் படித்தனர்.

1947 அக்டோபரில், சரத்தின் மகன் அமியநாத் போஸுக்கு நம்பியார் எழுதிய கடிதம் ஒன்றை இந்திய உளவுத்துறை பிரித்தானியாவின் எம்.ஐ.5 அமைப்புக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டதையும் இந்த ஆவணங்கள் காட்டுகின்றன. நம்பியார் பின்னாளில் மேற்கு செருமனிக்கான இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 2014 இல் பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகம் வெளியிட்ட கோப்புகளில் அவர் சோவியத் உளவாளி என்ற குற்றச்சாட்டு இடம் பெற்றுள்ளது.

கண்காணிப்பின் நோக்கம் குறித்துக் கருத்து வேறுபாடு உள்ளது. போஸ் உயிருடன் இருக்கக்கூடும் என்ற ஐயமே காரணம் என்பது ஒரு சாரார் கருத்து. அவருடைய இறப்பை ஏற்காதவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். தமிழ்நாட்டில் பார்வர்டு பிளாக் தலைவர் முத்துராமலிங்கத் தேவர் போஸ் உயிருடன் இருப்பதாகப் பொதுக்கூட்டங்களில் அறிவித்தார். 1956 இல் அமைக்கப்பட்ட ஷாநவாஸ் கான் குழுவின் முன்னும் தோன்றினார். பிரித்தானியர் காலத்து நடைமுறை ஆய்வின்றித் தொடரப்பட்டது என்பது மற்றொரு கருத்து.

மேற்கு வங்காள அரசு 2015 செப்டம்பர் 18 அன்று தன்னிடமிருந்த 64 கோப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. நடுவண் அரசு, போஸின் பிறந்த நாளான 2016 சனவரி 23 அன்று 100 கோப்புகளை வெளியிட்டது.

திருமணம் பற்றிய ஐயங்கள்

பதிவுச் சான்று இல்லாததால் இத்திருமணம் குறித்து நீண்ட காலம் விவாதம் நடைபெற்றது. போஸை மணமாகாத வீரராகவே போற்றியவர்களுள் சிலர் இதனை முற்றிலும் மறுத்தனர். கார்டன் 1990 இல் வெளியிட்ட தமது நூலில் எமிலியின் சொல்லை ஏற்றுக்கொண்டாலும், திருமண நாள் குறித்துச் சில ஐயங்கள் எஞ்சுவதாகக் கூறியுள்ளார். திருமணம் பெர்லினில் போர்க்காலத்தில் நடைபெற்றது என்ற கருத்தும் உண்டு. சிசிர் குமார் போஸின் மனைவியும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான கிருஷ்ணா போஸ், எமிலியுடன் பல ஆண்டுகள் உரையாடியதன் அடிப்படையில் 1937 டிசம்பர் 26 என்ற நாளையே உறுதி செய்கிறார்.

எமிலி பொதுமேடைகளில் தம்மை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. தமக்குப் போஸ் எழுதிய கடிதங்களை மட்டும் அரை நூற்றாண்டுக்கும் மேல் பாதுகாத்து வந்தார். 1934 முதல் 1942 வரையிலான இக்கடிதங்கள் சிசிர் குமார் போஸ், சுகதா போஸ் ஆகியோரால் பதிப்பிக்கப்பட்டு, நேதாஜியின் தொகுப்பு நூல்களின் ஏழாவது தொகுதியாக 1994 இல் வெளிவந்தன. கல்கத்தாவிலிருந்து காரை ஓட்டிப் போஸ் தப்ப உதவியவரே ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இக்கடிதங்களின் பதிப்பாசிரியரானார். இத்தொகுதியில் எமிலி எழுதியவற்றுள் எஞ்சிய சில கடிதங்களும் இடம் பெற்றுள்ளன. இதன் பின்னர் வந்த வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எமிலியைப் போஸின் மனைவி என்றே குறிப்பிடுகின்றன.

திரைப்படங்களில்

சியாம் பெனகல் இயக்கி, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து 2005 ஆம் ஆண்டு வெளிவந்த 'நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்: மறக்கப்பட்ட வீரர்' என்னும் பொருள் கொண்ட இந்தித் திரைப்படத்தில் எமிலியாக செருமானிய நடிகை அன்னா புருஸ்டெல் நடித்தார். இப்படத்தில் திருமணம் காட்டப்பட்டதற்குப் பார்வர்டு பிளாக் கட்சியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2017 இல் வெளியான 'போஸ்: டெட்/அலைவ்' என்ற இணையத் தொடர், இவ்வரலாற்றை அரசியல் மர்மக் கதையாகச் சித்தரித்தது.

மறைவு

எமிலி 1996 மார்ச் 13 அன்று தமது 85 ஆம் வயதில் காலமானார். மகள் அனிதா, டோக்கியோவின் ரென்கோஜி கோயிலில் போஸுடையவை எனக் காக்கப்படும் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும், ஐயத்தைப் போக்க மரபணுச் சோதனை நடத்தலாம் என்றும் வலியுறுத்தி வந்துள்ளார்.

இவற்றையும் பார்க்கவும்

சுபாஷ் சந்திர போஸ்
இந்திய தேசிய இராணுவம்
லட்சுமி சாகல்
ஏ. சி. என். நம்பியார்
முத்துராமலிங்கத் தேவர்